பர்னம் மலைக்குக் கிளம்பும் தங்கைக்கு

ஸ்காட்லாந்தில் முதன்முதலாக ஒரு மலை ஏறணும்னா, பர்னம் மலையில் ஆரம்பி. பெர்த்ஷயரில், டே நதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரயிலில் வந்து டன்கெல்ட் அண்டு பர்னம் ஸ்டேஷனில் இறங்கினால் அங்கிருந்தே நடந்துவிடலாம். காட்டுக்குள் ஏறி, 404 மீட்டர் உயரத்தில் உள்ள கிங்ஸ் சீட் உச்சியைத் தொட்டு, வேறு பாதையில் இறங்கி வரும் சுற்று. சுமார் 6.5 கிலோமீட்டர். மூன்று மணி நேரம் வைத்துக்கொள்.

சின்ன மலைதானேன்னு அசட்டையாகப் போகாதே. சில இடங்களில் ஏற்றம் செங்குத்தாக இருக்கும். மழை பெய்தால் வேரும் கல்லும் வழுக்கும். பிடிமானமுள்ள ஷூ கட்டாயம். ஜூனில் இரவு 10 மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரிலோ மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். குளிர்காலத்தில் காலையிலேயே ஏறிவிடு, பையில் டார்ச் இருக்கட்டும்.

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் லேசில் காயாது. மெல்லிய கம்பளி பனியன், ஸ்வெட்டர், மழைக்கோட் போதும். ஏறத் தொடங்கும்போதே ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் வை, உச்சியில் போட்டுக்கோ. வியர்த்த உடம்போடு அந்தக் காற்றில் நின்றால் நடுங்கிவிடுவாய்.

எனக்கு ரொம்பக் கவலை உண்ணியைப் பற்றித்தான். கோடையில் இடுப்பளவு வளரும் பெரணிச் செடிகளில் காத்திருக்கும். குட்டி உண்ணி கசகசா அளவுதான். பேன்ட் நுனியை சாக்ஸுக்குள் செருகிக்கோ. வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்புப் பட்டை, தலைமுடி ஓரம் எல்லாம் பார். கடித்திருந்தால் நம் ஊர்ப் பழக்கத்தில் எண்ணெய் தடவாதே, நெருப்பும் வைக்காதே. மெல்லிய நுனியுள்ள ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் மெதுவாக நேரே மேலே இழு. அடுத்த வாரங்களில் சிவப்பு வட்டம் படர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டரைப் பார். லைம் நோயாக இருக்கலாம்.

2003-ம் வருடச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் பொறுப்போடு நடக்கும் யாருக்கும் காடும் மலையும் திறந்தே இருக்கின்றன. எவ்வளவு பெரிய உரிமை! கேட் மூடியிருந்தால் திறந்து போனபின் மூடு. குப்பையைத் திரும்பக் கொண்டு வா. அவசரத்துக்கு ஒதுங்கினால் ஓடையிலிருந்து 30 மீட்டராவது தள்ளிப் போ.

மேப்பை ஃபோனில் முன்பே டவுன்லோட் பண்ணிக்கோ. குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும் என்பதால் ஃபோனை உள்பாக்கெட்டில் வை. ஆபத்தென்றால் 999, முதலில் போலீஸ், பிறகு மவுன்டன் ரெஸ்க்யூ என்று கேள்.

இறங்கியபின் தெம்பிருந்தால் ஆற்றோரம் பர்னம் ஓக் மரத்தைப் பார்த்துவிட்டு வா. 'மெக்பெத்' நாடகத்தில் வரும் பர்னம் காட்டின் மிச்சம் என்கிறார்கள். அதன் கீழ்க்கிளைகளுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருப்பதைப் பார்க்கவே மனசு நெகிழும். ஆனால் திரும்பும் ரயில் நேரத்தை மலை ஏறுவதற்கு முன்பே பார்த்து வை. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்கணும்.