கேட்டுத் தெளிதல்

எத்தொழிலிலும் பிழை நேர்தல் உண்டு. தச்சன் பிழை செய்தால் மரம் வீணாகும். தையற்காரன் பிழை செய்தால் துணி வீணாகும். செவிலி பிழை செய்தாலோ ஓர் உயிர்க்கே கேடு நேரும். ஆதலின், செவிலித் தொழில் பயில்வோர்க்குக் கைத்திறனும் அன்புள்ளமும் மட்டும் போதா. தெரியாததைத் ‘தெரியாது’ என்று கூறும் துணிவும், அறிந்தாரை அணுகிக் கேட்கும் பணிவும் அவர்கட்கு இன்றியமையாதன.

செவிலித் தொழிலை ஏட்டின் வாயிலாக மட்டும் கற்றல் இயலாது. இதனை நன்குணர்ந்தவர் பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார். கிரிமியப் போரில் நோயுற்றும் புண்பட்டும் கிடந்த வீரரை 1854ஆம் ஆண்டு முதல் பேணிய அவர்தம் தொண்டினைப் போற்றி, மக்கள் மனமுவந்து நிதி வழங்கினர். அந்நிதியைக் கொண்டு 1860ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில், புனித தாமசு மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி நிறுவப்பெற்றது. அங்குப் பயின்ற மங்கையர், நோயாளியின் படுக்கையருகே, மூத்த செவிலியரின் மேற்பார்வையில் தொழில் கற்றனர். நம் நாட்டிலும் இம்முறை வேரூன்றியது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909ஆம் ஆண்டில் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். இன்றும் செவிலி மாணவர் வகுப்பறையில் பாடம் கேட்பதோடு, மருத்துவமனை வார்டுகளிலும் பயிற்சி பெறுகின்றனர்.

அவ்வாறு பயிற்சிக்குப் புதிதாக வந்த மாணவி ஒருத்தியை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். காலை வேளை, வார்டு முழுதும் நோயாளிகள். நீரிழிவு நோயுற்ற முதியவர் ஒருவர்க்கு, உணவுக்கு முன் 20 அலகு இன்சுலின் செலுத்தும் பணி அவளுக்குத் தரப்படுகிறது. மருந்துக் குப்பியில் 100 என்னும் எண்ணைக் காண்கிறாள்; ஊசிக்குழலிலோ 40 என்றிருக்கிறது. அவளுக்கு ஐயம் எழுகிறது. ‘இதுவும் தெரியாதா என்று கடிந்து கொள்வார்களோ? உடன் பயில்வோர் நகைப்பார்களோ?’ என அஞ்சுகிறாள். நாணம் நாவைத் தடுக்கிறது. அப்பொழுது, கையை நீட்டியவாறு நம்பிக்கையோடு காத்திருக்கும் முதியவரின் முகம் அவள் கண்ணிற் படுகிறது. உடனே மூத்த செவிலியிடம் விரைகிறாள்.

“சிஸ்டர், குப்பியில் 100 என்றும் ஊசிக்குழலில் 40 என்றும் உள்ளன. இவை பொருந்துமா என்பது எனக்கு விளங்கவில்லை. மருந்தை எடுக்குமுன் தாங்கள் பார்க்க வேண்டும்” என்கிறாள்.

“நல்ல வேளை, கேட்டாய்! இவை பொருந்தா” என்று மூத்தவர் விளக்குகிறார். இன்சுலின் வெவ்வேறு செறிவுகளில் கிடைக்கிறது. ஒன்றில் 1 மில்லி லிட்டருக்கு 40 அலகும், மற்றொன்றில் 100 அலகும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் உரிய குழல் வேறு. 100 அலகு மருந்தை 40 அலகுக் குழலில் 20 என்னும் கோடுவரை எடுத்தால், முதியவர் உடலில் 50 அலகு சேர்ந்துவிடும்! குருதியில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறையும். உணர்விழப்பும் உயிரிழப்பும்கூட நேரலாம்.

அம்மாணவி கேளாதிருந்தால், அவளுக்கு அப்போது ஒரு குறையும் வந்திராது. துன்பம் முழுதும், ஒன்றும் அறியாத முதியவரையே சார்ந்திருக்கும். நாம் கேளாமல் விட்ட கேள்விக்குப் பிறர் விலை கொடுக்க நேர்வது எத்துணைக் கொடுமை!

கேட்பதற்கும் முறையுண்டு. செயலைச் செய்யுமுன் கேட்டல் வேண்டும். கண்டதை உள்ளவாறு கூறி, ஐயம் இன்னதென்று தெளிவாக உரைத்தல் வேண்டும். பெற்ற விடையைத் திரும்பச் சொல்லி உறுதி செய்துகொள்ளல் வேண்டும். பிழை நேர்ந்துவிட்டாலோ, மறைக்காமல் அப்பொழுதே கூறல் வேண்டும். காலந்தாழ்த்தாது சொன்னால், மாற்று மருத்துவத்தால் உயிரைக் காக்க இயலும்.

கற்பிப்போர்க்கும் கடமை உண்டு. இன்று சினந்து விரட்டப்பட்ட மாணவி, நாளை வாய் திறவாள். அவள் வாய் அடைபடுமாயின், நோயாளியைக் காக்கும் அரண்களுள் ஒன்று இடிந்ததாகும். பணி மிகுந்த வேளையிலும் பொறுமையோடு விடை பகர்வதே மூத்தோர்க்கு அழகு.

மாணவர்களே, வகுப்பில் ஐயம் எழும்போது நீங்களும் நாணி வாளா இருத்தல் ஆகாது. இன்று கேட்டுப் பழகிய நாவே, நாளை நீங்கள் ஏற்கும் பணியில் பிறரைக் காக்கும். தயங்காது கேளுங்கள், தெளிந்தபின் செய்யுங்கள்.

வினாக்கள்

1. மாணவி ஐயத்தைக் கேட்கத் தயங்கியது ஏன்? அத்தயக்கம் எவ்வாறு நீங்கியது?
2. 100 அலகு மருந்தை 40 அலகுக் குழலில் எடுப்பதால் விளையும் கேடு யாது?
3. ஐயத்தைக் கேட்கும் முறையினை விளக்குக.