ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு எடுப்பவர் வீட்டில் கவனிக்க

1. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயை வீங்க வைப்பது நம் உடலின் எதிர்ப்பு சக்திதான். அதை அடக்கவே ஸ்டீராய்டு. இன்ஹேலரின் ஒரு பஃப்பில் பெரும்பாலும் 100 அல்லது 200 மைக்ரோகிராம்தான் இருக்கும். இளைப்பு முற்றினால் தரும் பிரெட்னிசோலோன் மாத்திரையோ, மருந்து வேறு என்றாலும், பெரியவர்களுக்கு நாளைக்கு 40 மில்லிகிராம் வரை போகும். அதாவது 40,000 மைக்ரோகிராம்! "பழகிவிடும்" என்று பயந்து இன்ஹேலரை விடுகிறவர்களுக்குத்தான் அந்த மாத்திரை அடிக்கடி தேவைப்படுகிறது.

2. இன்ஹேலர் இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும், குரல் கம்மும். பல் துலக்கும் முன் இழுப்பதென்று வைத்துக்கொண்டால் மறக்காது.

3. மாத்திரையைக் காலையில், சாப்பிட்ட பிறகு போடுங்கள். இரவில் போட்டால் தூக்கம் கெடலாம்.

4. மூன்று வாரத்துக்கு மேல் மாத்திரை போட்டவர் திடீரென்று நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துவிடும். சட்டென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு வரலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறையுங்கள். ஊருக்குப் போகும்போது கூடுதலாகச் சில நாள் மாத்திரை கையில் இருக்கட்டும். பல் பிடுங்குவதானாலும் அறுவை சிகிச்சையானாலும் "ஸ்டீராய்டு எடுக்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

5. மாத்திரை எடுப்பவருக்கு முன்பு சின்னம்மை வந்ததில்லையா? அம்மை போட்ட வீட்டுக்கு அவரை அனுப்பாதீர்கள். தெரியாமல் போய்வந்திருந்தால், கொப்புளம் வரட்டும் என்று காத்திராமல் அன்றே டாக்டரைப் பாருங்கள். குழந்தையானால், தடுப்பூசி போடும் இடத்திலும் மாத்திரை விவரத்தைச் சொல்லுங்கள். உயிருள்ள கிருமி கொண்ட சில தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.

6. சர்க்கரை நோயாளிக்கு இந்த ஸ்டீராய்டு மாத்திரையால் ரத்தச் சர்க்கரை அளவு ஏறும், அதிலும் மதியத்துக்கு மேல். அந்த நேரத்திலும் பாருங்கள்.

7. அபூர்வமாகச் சிலருக்கு எதிர்ப்பு சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும் தருவார்கள். அது வாரம் ஒரு நாள் மட்டுமே! தினமும் போட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. தினசரி மாத்திரை டப்பாவில் அதைக் கலக்காதீர்கள். அட்டையிலேயே கிழமையைப் பெரிதாக எழுதிவையுங்கள்.

8. ஒமலிசுமாப் போன்ற ஆஸ்துமா ஊசி தொடங்கிவிட்டது என்பதற்காக ஸ்டீராய்டைத் தாமாக விட வேண்டாம். அதன் பலன் தெரியவே சில மாதம் ஆகலாம்.

9. ஒரே வேளையில் இளைப்பை நிறுத்துகிற, பெயர்ச்சீட்டு இல்லாத பொடியை வாங்காதீர்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஏற்கெனவே சாப்பிட்டு வந்தவரானால், பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள். அதையும் சட்டென்று நிறுத்த முடியாமல் போகலாம்.