தறியை விட்டு ஓராண்டு: எந்த நாட்டுப் பிள்ளைகளிடம் போவது?

நெசவு ஊரான இளம்பிள்ளையில் கல்லூரி முடித்த ஒரு பெண், சம்பளமில்லாமல் வெளிநாட்டுக் குழந்தைகளோடு வேலை செய்யப் போகிறேன் என்றால் வீட்டில் என்ன கேட்பார்கள்? "இங்க தறிக்கு ஆளில்லாம கெடக்குது. அங்க போயி யாரு புள்ளையப் பாக்கப் போற கண்ணு?" நியாயமான கேள்விதான். எந்த வழியில் போகிறாள் என்பதைப் பொறுத்துத்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

இரண்டு மூன்று வாரத் தொண்டு முகாம்கள் எளிய வழி. முதல் உலகப் போரில் சிதைந்த பிரெஞ்சுக் கிராமம் ஒன்றைக் கட்டியெழுப்ப 1920இல் பியர் செரசோல் தொடங்கிய சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் இன்றும் இவற்றை நடத்துகிறது. 1934 பீகார் நிலநடுக்கத்துக்குப் பிறகு அவரே இந்தியா வந்து உழைத்தார். சோறும் படுக்கையும் முகாமில் கிடைக்கும்; டிக்கெட், விசா செலவு நம்முடையது. சுவர் பூச, தோட்டம் போட இந்த அவகாசம் போதும். குழந்தைகளுக்குப் போதாது. ஒரு பிள்ளை நம் மடியில் வந்து உட்காரப் பழகும்போது நாம் மூட்டை கட்டியிருப்போம்.

அதைவிட மோசமானது, பணம் கட்டி அநாதை இல்லத்தில் தொண்டு செய்வது. கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருந்த பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தது தெரியவந்தது. பல இடங்களில் தொண்டர்களின் பணத்துக்காகவே பிள்ளைகள் வீட்டிலிருந்து பிரிக்கப்படுகிறார்கள். இந்தப் பக்கம் போகவே போகாதீர்கள்.

மொழித் தடை வேண்டாம் என்பவர்களுக்கு இலங்கை மலையகம். சேலம், திருச்சி சீமைகளிலிருந்து தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் வாழ்கிறார்கள். போன அன்றைக்கே கதை சொல்லலாம், கணக்குச் சொல்லித் தரலாம். ஆனால் சர்வோதயம் போன்ற அமைப்புக்கு நீங்களே எழுதி, இடமும் உரிய விசாவும் உறுதியான பிறகே புறப்பட வேண்டும். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யக் கூடாது.

ஐ.நா. தொண்டர் திட்டத்தில் 18 முதல் 26 வயது வரையானவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு, வாழ்க்கைப்படியும் தருகிறார்கள். போட்டி கடுமை, அலுவலக வேலையும் அதிகம். குழந்தைகளோடு இருக்க நினைப்பவருக்கு இது இரண்டாம்பட்சம்.

என் ஓட்டு ஜெர்மனிக்கு. அங்கே தன்னார்வச் சமூக ஆண்டு என்ற திட்டம் 1964 முதலே சட்டமாக இருக்கிறது. 27 வயது ஆகாதவர்கள் சேரலாம். கட்டாய ராணுவச் சேவையை நிறுத்திய 2011இல் வயது வரம்பில்லாத கூட்டாட்சித் தன்னார்வச் சேவையும் வந்தது. மழலையர் பள்ளி, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பள்ளி, இளைஞர் மையம் என்று இடங்கள் பல. கைச்செலவுப் பணம், மருத்துவக் காப்பீடு, ஆண்டுக்கு 25 நாள் பயிற்சி வகுப்பு எல்லாம் உண்டு. பல இடங்களில் தங்க அறையும் தருகிறார்கள். நன்னடத்தைச் சான்று கேட்பார்கள். பிள்ளைகளைக் காக்கும் இடம் அதைக் கேட்கத்தான் வேண்டும். இதற்கு இடம் வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மொழி பயமுறுத்தும். ஆனால் இளம்பிள்ளையில் எத்தனையோ பேர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, தெருவில் தமிழுமாக வளர்ந்தவர்கள். இரண்டு மொழியில் வாழ்வது அவர்களுக்குப் புதிதில்லை. நான்கு வயதுப் பிள்ளை உங்கள் உச்சரிப்பைத் திருத்தினால் கூச்சப்படாதீர்கள்; அதைவிட நல்ல வாத்தியார் கிடைக்கமாட்டார்.

போனதும் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது. சனிக்கிழமையே அரிசி வாங்கி வையுங்கள். இரவில் பல வீடுகளில் ரொட்டியும் சீஸும்தான், அடுப்பு எரியாது. முதல் மாதம் அது கஷ்டம். குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். வீட்டு நினைப்பு அப்போதுதான் வரும். ஹாம் நகரில் ஈழத்தமிழர் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலுக்கு ஒருநாள் போய் வாருங்கள், மனசு தேறும். வாரந்தோறும் தமிழர் வீட்டிலேயே அடைந்து கிடக்காதீர்கள். உள்ளூர்ப் பாட்டுக் குழுவிலோ கால்பந்து சங்கத்திலோ சேர்ந்தால் ஊர் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கும்.

பெரும்பாலான இடங்களில் ஆகஸ்ட், செப்டம்பரில் ஆண்டு தொடங்குகிறது. மொழிக்கு ஓராண்டாவது ஒதுக்க வேண்டும். அடுத்த ஆண்டு போக நினைப்பவர்கள் இந்த ஆடியிலேயே ஜெர்மன் வகுப்பில் சேர்ந்துவிடுங்கள்.