செடில் குத்தினால் நோகாதா?

அன்புள்ள பெறாமகளுக்கு,

நயினாதீவுத் தேரன்று முதுகில் கொளுக்கி குத்திச் செடில் காவடி எடுத்தவரின் முகத்தில் நோவே தெரியவில்லை, அது அம்மனின் அருளா, மூளையின் வேலையா என்று கேட்டிருந்தாய். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளை. எந்த விடையை எதிர்பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியாதா?

முதலில் நோவு. முதுகில் கொளுக்கி ஏறியதும் நரம்புகள் செய்தி அனுப்புகின்றன. அந்தச் செய்தியை வழியிலேயே, முண்ணாணில் வைத்து, மறிக்கவும் குறைக்கவும் முடியும் என்று மெல்சாக், வோல் இருவரும் 1965இல் எழுதினார்கள். 1975இல் அபர்டீனில் ஹியூஸும் கொஸ்டர்லிட்ஸும் அபின் போல வேலை செய்யும் பொருளொன்றை மூளைக்குள்ளேயே கண்டார்கள். தவிலிலும் அரோகராவிலும் கவனம் முழுதும் போய்விட்டால், 'அம்மன் பார்த்துக்கொள்ளுவா' என்ற நம்பிக்கையும் சேர்ந்தால், மூளை அந்தச் செய்தியை அடக்கிவிடலாம்.

ஆனால் அவருக்கு நோகவேயில்லை என்று முகத்தைப் பார்த்து முடிவுகட்டாதே. மொரீசியஸ் தமிழரின் தைப்பூசக் காவடியைச் சிகலாடாஸ் என்ற மானுடவியலாளர் குழுவாக ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார். கேள்விகளுக்குப் பதில் சொன்ன ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் கொடுத்து, விரும்பினால் கோயிலுக்குப் போடலாம் என்றார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று மற்றவருக்குத் தெரியாது. கூட்டுப் பிரார்த்தனைக்கு வந்தவர்கள் சராசரியாக 80 ரூபாயளவில் போட்டார்கள். காவடிக்காரர் 130க்கு மேல். கூடவே நடந்து வந்து பார்த்தவர்களோ ஏறக்குறைய 160! அதுமட்டுமல்ல, கூடுதலாக நொந்தது என்றவர்களே கூடுதலாகக் கொடுத்தார்கள். நோவு இருந்திருக்கிறது, பிள்ளை. அது அவர்களுக்கு வேறொன்றாகவும் ஆகியிருக்கிறது.

இனி அம்மன். குறிகட்டுவான் துறையில் நின்று நயினாதீவு வள்ளத்தைப் பார்க்கும்போது உன் மூளையின் பார்வைப் பகுதி வேலை செய்கிறது. கனவில் வள்ளம் வந்தாலும் அது வேலை செய்யும். மூளையை மட்டும் படமெடுத்துவிட்டு, வெளியே வள்ளம் நிற்கிறதா இல்லையா என்று ஒருவராலும் சொல்லேலாது. அதனால் 'கடவுள் மூளையின் மாயை, விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது' என்பவர் பேச்சையும் நம்பாதே. 'விஞ்ஞானமே ஒப்புக்கொண்ட அற்புதம்' என்று நோட்டீஸ் அடிப்பவர் பேச்சையும் நம்பாதே. (இரண்டாமவர் எங்கள் பக்கம் கொஞ்சம் அதிகம்.) அதே வள்ளத்தில் நாகவிகாரைக்கு வரும் சிங்கள யாத்திரிகர் தியானத்தில் இருந்தாலும் மூளையில் மாற்றம் நடக்கும். எந்தக் கோயில் உண்மை என்பதை அந்த மாற்றம் தீர்த்துவைக்காது.

மொரீசியஸ் கணக்கில் என்னை இன்னும் விடாதது பார்த்து வந்தவர்களின் 160தான். தன் தோலில் ஒரு ஊசியும் ஏறாதவருக்கு என்ன நடந்தது? எல்லாரும் காவடிக்காரரையே கேட்கிறார்கள். அடுத்த ஆனியில் நீ செடில் கயிற்றைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்து வருபவரைக் கேள். கயிறு இறுகும்போது அவருடைய உடம்பில் என்ன செய்கிறது என்று, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா