ஆபிரிக்கக் கலைச் சந்தையில் விலையை உயர்த்துவது யார்?

கேள்வியும் நிரம்பலும் விலையைத் தீர்மானிக்கின்றன என்று பாடசாலையில் படித்திருக்கிறோம். அரிசிக்கும் சீமெந்துக்கும் அது பொருந்தும். ஆனால் வாங்குபவரும் அல்லாத, விற்பவரும் அல்லாத மூன்றாம் நபர் ஒருவரின் தெரிவினால் விலை எழும் சந்தைகளும் உண்டு. ஆபிரிக்க நவீன கலைப் படைப்புகளின் சர்வதேசச் சந்தை அத்தகையது. அந்த மூன்றாம் நபரை 'கியூரேட்டர்' என்பார்கள். கண்காட்சியில் யாருடைய படைப்பு இடம்பெற வேண்டும், அதைப் பற்றி என்ன எழுதப்பட வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்பவர் இவரே.

மாலி நாட்டின் தலைநகரான பமாகோவில் 1948இல் செய்து கெய்ட்டா என்பவர் ஒரு ஸ்டூடியோ திறந்தார். தச்சுத் தொழில் பழகியவர். ஊர் மக்கள் நல்ல உடை உடுத்தி, ஸ்டூடியோவிலிருந்த ரேடியோவையும் கைக்கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு படம் பிடித்துச் செல்வார்கள். 1991இல் நியூயோர்க் கண்காட்சி ஒன்றில் அவரது படங்கள் வைக்கப்பட்டபோது, எடுத்தவர் பெயர் தெரியாது என்றே குறிப்பிடப்பட்டிருந்தது. அதைக் கண்ட ஜோன் பிகோஸ்ஸி என்ற செல்வந்தர், தனக்காகக் கலைப் படைப்புகளைச் சேகரித்து வந்த அந்திரே மக்னான் என்ற பிரெஞ்சு கியூரேட்டரை பமாகோவுக்கு அனுப்பினார். 1994இல் பாரிஸில் கார்ட்டியே நிறுவனத்தின் கலைக்கூடத்தில் கெய்ட்டாவுக்குத் தனிக் கண்காட்சி நடந்தது. பமாகோவில் உள்ளங்கை அளவில் கொடுத்த படங்கள் பெரிய பிரின்ட்களாகி, ஆயிரக்கணக்கான டொலருக்கு விலை போயின. நெகட்டிவ் என்னவோ பழையதுதான். 2001இல் அவர் காலமான பின்னர் அந்த நெகட்டிவ்கள் யாருக்குச் சொந்தம் என்று வழக்குகள் எழுந்தன.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். மக்னான் 1989இல் பாரிஸில் நடந்த 'பூமியின் மந்திரவாதிகள்' என்ற பெரிய கண்காட்சியில் பணியாற்றியவர். அதன் பின் பிகோஸ்ஸிக்காக வாங்கியவர். 2009இல் சொந்தமாகவே ஒரு விற்பனைக்கூடம் ஆரம்பித்தார். தெரிவு செய்வதும், வாங்குவதும், விற்பதும் ஒரே வாழ்க்கைக்குள் வந்துவிட்டன. இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. ஆனால் வகீலாகச் செல்பவர் தான் யாருக்காகப் பேசுகிறார் என்பதை மறைக்கக் கூடாது என்ற ஒழுங்கை அறிந்த நமக்கு, இது இலேசாக விட்டுவிடக்கூடிய கேள்வி அல்ல. மாணிக்கக் கல்லுக்குச் சான்றிதழ் தருபவரே அந்தக் கல்லையும் வைத்திருந்தால் நாம் இரண்டு முறை யோசிப்போம் அல்லவா?

பிகோஸ்ஸியின் சேகரிப்பில் முறையாகக் கலை பயிலாத, ஆபிரிக்காவிலேயே வாழும் கலைஞர்களே அதிகம். மேற்கத்திய நூதனசாலைகள் பல காலம் ஆபிரிக்கக் கலை என்று கண்டதும் பெரும்பாலும் இதைத்தான். இந்தப் பார்வையை எதிர்த்தவர் நைஜீரியாவில் பிறந்த ஒக்வி என்வேசோர். அரசியல் விஞ்ஞானம் படித்தவர். 1994இல் ஆபிரிக்கக் கலைக்கென ஒரு சஞ்சிகை தொடங்கினார். 2002இல் ஜேர்மனியின் டொக்குமென்டா கண்காட்சிக்கும் 2015இல் வெனிஸ் கண்காட்சிக்கும் பொறுப்பாக இருந்தார். கல்லூரியில் பயின்ற, வெளிநாடுகளில் வாழும் ஆபிரிக்கக் கலைஞர்களும் பெரிய அரங்குகளுக்கு வந்ததில் இவருக்குப் பெரும் பங்குண்டு.

கானாவில் பிறந்து நைஜீரியாவில் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்தவர் எல் அனட்சுய். மதுப்போத்தல்களின் அலுமினிய மூடிகளைத் தட்டி, செப்புக் கம்பியால் கோத்து, திரைச்சீலை போன்ற பிரமாண்டமான படைப்புகளைச் செய்கிறார். (எறியப்பட்ட மூடிக்கு இப்படியொரு கதி!) 2007 வெனிஸ் கண்காட்சியில் அவை உலகப் புகழ் பெற்றன. 2012இல் லண்டன் ஏலத்தில் அவரது படைப்பொன்று 5 இலட்சம் பவுணுக்கு மேல் விலை போனது. 2015இல் என்வேசோரின் வெனிஸ் கண்காட்சியில் அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருதும் கிடைத்தது.

வெனிஸில் நேரடி விற்பனை இல்லை. ஆனால் ஏற்றியிறக்கும் செலவில் ஒரு பகுதியை விற்பனைக்கூடங்களே பல வேளைகளில் தாங்குகின்றன. சில வாரங்களில் சுவிட்சர்லாந்தின் பாசல் சந்தை கூடும்போது அந்தச் செலவைத் திருப்பி எடுக்கலாம் என்ற கணக்கு. ஏல நிறுவனத்தின் பட்டியலிலும் படைப்பின் கீழே, முன்பு எங்கெங்கே காட்சிக்கு வைக்கப்பட்டது என்ற வரி இருக்கும். வாங்குவோர் விலை கூறுமுன் நான் பார்க்கச் சொல்வது அந்த வரியைத்தான். கண்காட்சியின் பெயர் மட்டும் போதாது. அதைத் தெரிவு செய்தவர் அப்போது யாரிடம் ஊதியம் பெற்றார் என்பதையும் விசாரிக்க வேண்டும்.

இப்போது தெரிவு செய்வோர் ஆபிரிக்காவிலிருந்தே வருகிறார்கள். மொரோக்கோவைச் சேர்ந்த தூரியா எல் கலாவி 2013இல் லண்டனில் '1-54' என்ற விற்பனைக் கண்காட்சியைத் தொடங்கினார். ஒரு கண்டம், 54 நாடுகள் என்பது பெயரின் பொருள். 2018 முதல் அது மராகேஷிலும் நடைபெற்றது. 2026 வெனிஸ் கண்காட்சிக்குத் தெரிவான கொயோ குவோ என்ற ஆபிரிக்கப் பெண்மணி 2025 மே மாதம் காலமானார். அவர் வகுத்து வைத்த திட்டத்தின்படியே கண்காட்சியை நடத்துவதென வெனிஸ் நிர்வாகம் முடிவு செய்தது.