தேய்ந்ததா, பதியாததா?

அன்புள்ள தம்பிக்கு,

திண்டிவனத்திலிருந்து நீ கொண்டுவந்து கொடுத்த ரூபாயை இரண்டு நாளாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உறைமேல் பென்சிலால் 'ரொம்பத் தேய்ஞ்சது' என்று எழுதியிருந்தாய். அந்தச் சொல்லை நான் அழித்துவிட்டேன். ஏன் அழித்தேன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அது ஆற்காடு ரூபாய். சின்னப் பிறை ஒன்று இருக்கிறது, பார்த்தாயா? 1736-இல் நவாப் தோஸ்த் அலி கானிடம் அனுமதி வாங்கிப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் அடிக்கத் தொடங்கிய வரிசை அது. பேர் ஆற்காடு, அடித்த இடம் புதுச்சேரி, எழுத்து பாரசீகம், உள்ளே இருப்பது டெல்லி பாதுஷா பேர். செஞ்சிக் கோட்டையே 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அதனால் நம் பக்கத்து வீட்டுப் பெட்டிகளில் பிறை ரூபாய் கிடைப்பதில் அதிசயமில்லை.

இப்போது அதைச் சுத்தியலால் அடித்த விதத்தை நினைத்துப் பார். அச்சு பெரியது, வெள்ளிவில்லை சிறியது. கையால் ஓங்கி அடிக்கும்போது அச்சில் உள்ள எழுத்தெல்லாம் வில்லைமேல் விழாது; பாதி வெளியே போய்விடும். அடி ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் மழுங்கலாகவே பிறக்கும். நீ தேய்மானம் என்று எண்ணிய மேல் இடது மூலை அப்படிப் பிறந்ததுதான். அங்கே எழுத்து இருந்து அழியவில்லை, முதலிலிருந்தே பதியவில்லை.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பதிந்திருக்கும் எழுத்தைப் பார். கீழ்வரியின் கோடுகள் விளிம்பு மழுங்காமல், பக்கத்தில் நிழல் விழும்படி நிற்கின்றன. கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசில் கோடு அகலமாகி, தட்டையாகி, தரையோடு சேர்ந்துவிடும். இல்லாத எழுத்தை எண்ணித் தரம் சொல்லாதே. இருக்கிற எழுத்து எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்த்துச் சொல். உன் ரூபாய் என் கணக்கில் வெரி ஃபைன் தரம்.

எண் போட்டுத் தரம் சொல்லும் பழக்கம் இப்போது நம் ஊருக்கும் வந்துவிட்டது. ஒன்று முதல் எழுபது வரையுள்ள அந்த அளவை அமெரிக்கப் பழைய செப்பு சென்ட்டுகளுக்காக 1949-இல் ஷெல்டன் என்பவர் வகுத்தார். அதைப் படித்துக்கொள், நல்லதுதான். ஆனால் சுத்தியலால் அடித்த ரூபாய்மேல் அதை அப்படியே வைத்தால் தப்பு வரும்.

வெள்ளியில் சிறு குத்துகள் இரண்டு இருந்தன, அவற்றைக் காயம் என்று எழுதாதே. சராப்புகள் காசைச் சோதித்து அடித்த குறி அது. தேய்மானத்தோடு சேர்க்காமல் தனியாகக் குறி. காசு பார்ப்பவனுக்கு நம் மொழியில் வண்ணக்கன் என்று பேர். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் என்று ஒரு சங்கப் புலவரே இருந்திருக்கிறார். நீ செய்வது அவ்வளவு பழைய வேலை என்பது எனக்கு இன்றும் நெஞ்சை நிறைக்கிறது.

எந்திரத்தில் அடித்த ரூபாய்க்கு வழி வேறு. 1835-இல் வகுத்த அளவுப்படி ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. அடி சீராக விழுவதால் மேடான இடங்களைப் பார்த்தாலே போதும். விக்டோரியா ராணி ரூபாயில் காதுக்கு மேலுள்ள முடியிழைகள், கிரீடத்து மணிகள், மார்பு உடுப்பின் பூவேலை. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அங்கிமேல் ஒரு குட்டி யானை உண்டு. 1911-இல் அது பன்றி மாதிரி இருக்கிறது என்று மக்கள் முகம் சுளித்ததால் மறுவருஷமே திருத்தினார்கள். தேய்ந்த ரூபாயில் சீக்கிரம் போவதில் அந்த யானையும் ஒன்று.

கண் சொன்னதை எடையிடம் கேள். எடையில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் குறைந்த ரூபாயை 1835-ஆம் ஆண்டுச் சட்டமே செல்லும் காசாக ஏற்கவில்லை. அதாவது ஏறக்குறைய 11.43 கிராமுக்குக் கீழே. ஆனால் காசுமாலையிலிருந்து பிரித்த காசும் எடை குறையும். மேல் விளிம்பில் வளையம் பற்றவைத்த தழும்பும் அரம் போட்ட கோடும் இருக்கிறதா என்று தடவிப் பார்.

வருஷத்தை நம்பித் தரம் சொல்லாதே. 1862 என்று போட்ட ராணி ரூபாயை 1874 வரை அடித்தார்கள். மெட்ராஸ் அக்கசாலை எந்திரத்தில் அடித்த ஆற்காடு ரூபாயிலும் ஹிஜ்ரி 1172 தான் இருக்கும். அதில் பேர் உள்ள பாதுஷா இறந்து அதற்குள் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

இனி நான் செய்த ஒரு தப்பு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பாட்டி ராணி ரூபாய் கொண்டுவந்தார். கறுத்திருந்தது. முகம் தெளியட்டும் என்று குத்துவிளக்கைத் துலக்குவதுபோல விபூதி போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். பளபளவென்று ஆனது. லென்ஸ் வைத்துச் சாய்த்துப் பார்த்தபோது கன்னம் முழுக்க மயிரிழைக் கீறல்கள். அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. நூறு வருஷமாகப் படிந்த கறுப்பு அந்தக் காசுக்குத் தோல். புளி போட்டுத் தேய்ப்பதும் அந்தத் தோலை உரிப்பதுதான். புளியமரக் காடு என்பதால்தான் உன் திண்டிவனத்துக்குத் திந்திரிணிவனம் என்று பேர் வந்தது, புளிக்கு அங்கே பஞ்சமில்லை. காசுப் பக்கம் மட்டும் கொண்டுவராதே. உரைகல்லிலும் உரசாதே. விளிம்பைப் பிடி, ஒரே விளக்கின் கீழ் சாய்த்துப் பார்.

தரத்தை உறைமேல் எழுதிவிட்டு அப்புறம் விலை பேசு. வாங்கும்போது ஃபைன், விற்கும்போது வெரி ஃபைன் என்று ஒரே காசுக்கு இரண்டு வாய் வைத்திருப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கொண்டுவருபவர் பெரும்பாலும் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ வருகிறார். அவருக்கு லென்ஸைக் கொடு. எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே தேயவில்லை என்று அவரையே பார்க்கச் சொல்.

பானையோடு மண்ணிலிருந்து எடுத்தேன் என்று யாராவது வந்தால் தரமே பார்க்காதே. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அதைச் சொல்லி அனுப்பு.

உன் பிறை ரூபாயை நான் இன்னும் எடை போடவில்லை. வெள்ளிக்கிழமை விழுப்புரம் வருகிறாய் அல்லவா, காலையிலேயே வந்துவிடு. நீயே தராசில் வை. எவ்வளவு இருக்கும் என்று வைப்பதற்கு முன்னால் என்னிடம் சொல்.

அன்புடன்,
அண்ணன்