நர்சிங் கல்லூரி தேடும் ஒரு பெண்ணுக்கு



பிளஸ் டூ தேறி, நர்ஸாவதென்று நிச்சயித்து, அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காமற்போனால் தனியார் கல்லூரிகளில் எதில் சேர்வது என்று கேட்டு எழுதியிருந்தாய். சில கல்லூரிகளின் வண்ணப் புத்தகங்களையும் கூட வைத்திருந்தாய். வார்டிலும் வகுப்பிலுமாக ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வு பெற்றவள் என்ற உரிமையில் என் அபிப்பிராயத்தைச் சொல்லுகிறேன். உன்னைப்போல் இவ்வருஷம் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கும் மற்றப் பெண்களும் பிள்ளைகளும் இதைப் படிப்பார்களாயின் எனக்கு மிகவும் சந்தோஷம்.

கட்டடம், பேருந்து, விடுதி, பொம்மை நோயாளிக்கு ஊசி போடும் மாணவிகள் என்று அப்புத்தகங்களில் படங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பார்த்து ஒரு முடிவுக்கும் வந்துவிடாதே. நீ கேட்கவேண்டிய முதற்கேள்வி, இக்கல்லூரிக்குச் சொந்தமான மருத்துவமனை எது, அதில் படுக்கைகள் எத்தனை, அப்படுக்கைகளில் நோயாளிகள் மெய்யாகவே இருக்கிறார்களா என்பதுதான். பி.எஸ்ஸி. நர்சிங் நடத்தும் கல்லூரிக்கு 100 படுக்கைகளுக்குக் குறையாத சொந்த மருத்துவமனை வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. அந்த விதி காகிதத்தளவில் நிற்கிறதா, வார்டிலும் நிற்கிறதா என்பதை நீ நேரிற் சென்றே அறியவேண்டும்.

மருத்துவமனையே முதன்மை என்பதற்கு நம் தொழிற்கல்வி பிறந்த வரலாறே சான்று. 1860-இல் லண்டனில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் தம் பயிற்சிப் பள்ளியை ஸ்தாபிக்க முற்பட்டபோது, அதைத் தனியிடத்தில் வைக்காமல், நோயாளிகள் நிறைந்திருந்த செயின்ட் தாமஸ் மருத்துவமனைக்குள்ளேயே வைத்தார். சென்னையில் 1871-இல் நர்ஸ் பயிற்சி தொடங்கியதும் அரசு பொது மருத்துவமனையில்தான். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் முதலில் பெண்களுக்காக ஒரு மருத்துவமனையை நிறுவி நடத்திய பின்னரே, 1909-இல், நர்ஸ்களுக்கான பள்ளி அங்கே உண்டாயிற்று; அப்பள்ளி வளர்ந்து 1946-இல் பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரியாயிற்று. வேலூரும் தனியார் ஸ்தாபனமே ஆகையால், தனியார் என்ற ஒரே காரணத்துக்காக எதையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மருத்துவமனை முந்தி, கல்லூரி பிந்தி என்ற கிரமம் புரண்டு, கட்டடத்தைக் கட்டி, மாணவிகளைச் சேர்த்துக்கொண்டு, அதற்கப்புறம் நோயாளிகளைத் தேடி ஊர் ஊராக அம்மாணவிகளை ஏற்றிச் செல்லுகிற நிலைமையைத்தான் குறை சொல்லுகிறேன். தண்ணீரில்லாத குளத்தங்கரையில் நீச்சல் கற்பிக்கிற காரியம் அது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவு பெற்ற நர்ஸாவதற்கு இப்போது உனக்குள்ள வழிகள் இரண்டே: நான்கு வருஷ பி.எஸ்ஸி. நர்சிங், அல்லது மூன்று வருஷ ஜி.என்.எம். டிப்ளமோ. ஆறு மாதத்திலும் ஒரு வருஷத்திலும் முடித்துத் தருவதாகச் சொல்லும் "நர்சிங் அசிஸ்டன்ட்" படிப்புகளால் வேலை கிடைக்கலாம், நர்ஸ் என்ற பதிவு கிடைக்காது; இந்த வித்தியாசம் தெரியாமல் நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய குடும்பங்களை நான் அறிவேன். பட்டப்படிப்பாயின் கல்லூரி தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கவேண்டும், அல்லது சட்டப்படி பட்டம் வழங்கும் தகுதி பெற்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததாக இருக்கவேண்டும். எந்தப் படிப்பாயினும் மாநில நர்ஸ்கள், மருத்துவச்சிகள் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கவேண்டும். அந்தக் கவுன்சிலுக்கு ஆதாரம் 1926-ஆம் வருஷத்துச் சட்டம். இந்திய கவுன்சிலை அமைத்த 1947-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாகத் தேசிய ஆணையம் ஒன்றை அமைக்க 2023-இல் புதுச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. ஆகையால் சென்ற வருஷத்து அங்கீகாரக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பதைக் கண்டு திருப்தியடையாமல், கவுன்சிலின் இவ்வருஷத்துப் பட்டியலில் அக்கல்லூரியின் பெயரும், அனுமதித்த இடங்களின் எண்ணிக்கையும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள். வெளிமாநிலத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று வரும் ஏஜென்டிடம் பேசும்போது இந்த ஜாக்கிரதை இரட்டிப்பாக இருக்கட்டும்.

இனி, என் மனத்துக்கு மிகவும் நெருங்கிய விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவையோ அண்ணனையோ துணைக்கு அழைத்துக்கொண்டு, கல்லூரி ஆபீசுக்குப் போகுமுன், காலை ஏழரை எட்டு மணிக்கு அம்மருத்துவமனைக்குப் போ. இரவு டியூட்டி முடிந்த நர்ஸ் பகல் டியூட்டிக்கு வந்தவளிடம் ஒவ்வொரு நோயாளியாகச் சொல்லி ஒப்படைக்கிற நேரம் அது. அங்கே மாணவிகள் இருக்கிறார்களா, இருந்தால் அவர்களோடு ஆசிரியை ஒருவர் நிற்கிறாரா, அல்லது சம்பளமில்லாத வேலையாட்களாக டிராலி தள்ளவும் ரத்தக் குழாய்களை லேபுக்குச் சுமக்கவும் விடப்பட்டிருக்கிறார்களா என்பதைக் கவனி. பத்து மாணவிகளுக்கு ஓர் ஆசிரியை வேண்டுமென்பது விதி. அந்த ஆசிரியை வகுப்பறையில் மட்டும் இருந்தால் போதாது, கட்டிலண்டையில் இருக்கவேண்டும்.

அங்கே படிக்கும் மாணவி ஒருத்தியிடம் சிநேகமாகப் பேசி, நோயாளியின் சுவாசத்தை எப்படி எண்ணுகிறாய் என்று கேட்டுப் பார். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு தானாகவே மாறிவிடுமாதலால், நாடி பார்ப்பவள்போல் மணிக்கட்டைப் பிடித்தபடியே, மார்பு எழுந்து தாழ்வதை முழுதாக ஒரு நிமிஷம் எண்ணவேண்டும் என்று அவள் சொல்வாளாயின், அவளுக்குக் கற்பித்தவர் ஒருவர் இருக்கிறார் என்று நிச்சயமாக நம்பலாம். வார்டில் எல்லா நோயாளிகளின் சார்ட்டிலும் சுவாசத்துக்கு எதிரே இருபது, இருபது என்றே எழுதுகிறார்கள் என்று அவள் சொன்னால், அங்கே எண்ணுகிறவரும் இல்லை, எண்ணக் கற்பிக்கிறவரும் இல்லை. ஒரு நோயாளியின் நிலை மோசமாகத் தொடங்குவதை முதலில் காட்டும் அறிகுறிகளுள் ஒன்று சுவாசம் விரைவதுதான். நாளைக்கு இரவு டியூட்டியில் முப்பது பேரைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும்போது, டாக்டரை எழுப்பவேண்டிய தருணம் இதுவா அல்லவா என்று முடிவு செய்ய உனக்கு உதவப் போவது, இந்த ஒரு நிமிஷத்தைச் சிரத்தையோடு எண்ணிப் பழகிய பழக்கமேயன்றி, கல்லூரியின் பளிங்குத் தரை அன்று.

பிரசவ வார்டு, மனநோய் வார்டு, குழந்தைகள் வார்டு ஆகியவற்றின் போஸ்டிங்குக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்பதையும் அம்மாணவியிடமே கேள். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை போன்ற அரசு நிலையங்களுக்கு அனுப்பினால் நல்லதே. ஆயினும் ஒரே கட்டிலைச் சுற்றிப் பல கல்லூரி மாணவிகள் நெருக்கி நின்றால் யாருக்கும் எதுவும் கைவராது. தானே பிரசவம் பார்க்க இடம் கிடைத்ததா, அல்லது பக்கத்தில் நின்று பார்த்ததையே கேஸ் புத்தகத்தில் தான் செய்ததாக எழுதிக் கையெழுத்து வாங்கினாளா என்ற கேள்விக்கு அவள் முகமே விடை சொல்லிவிடும். வராமலே வருகைப் பதிவு தருகிறோம் என்று சலுகையாகப் பேசும் கல்லூரியிலிருந்து உடனே எழுந்து வந்துவிடு.

பணத்தைப் பற்றி ஒன்று. படிப்புக் கட்டணத்தோடு விடுதி, சாப்பாடு, யூனிபாரம், போஸ்டிங் பேருந்து, தேர்வுக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து, எல்லா வருஷங்களுக்குமாக எழுத்தில் வாங்கிக்கொள். ரசீதில்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதே. கவுன்சலிங்கில் தனியார் கல்லூரிகளுக்குரிய அரசு ஒதுக்கீட்டு இடங்களும் வருகின்றன. அங்கே கட்டணம் குறைவாதலால், அது முடியும்வரை பொறுத்திருப்பது நலம். மூலச் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கி வா. படிப்பு முடிந்ததும் எங்கள் மருத்துவமனையிலேயே இத்தனை வருஷம் உழைக்கவேண்டும் என்ற பாண்டில் கையெழுத்துக் கேட்டால், வீட்டார் படித்துப் பார்த்துச் சம்மதிக்கும்வரை கையெழுத்திடாதே.

கடைசித் தேதி நெருங்குகிறது, இன்னும் இரண்டே இடம்தான் பாக்கி என்று யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், குழந்தாய், அந்த மருத்துவமனையின் வார்டுக்குள் ஒருமுறை நடந்து பார்க்காமல் முன்பணம் கட்டாதே.